காசா போகக் காசு எவ்வளவு? ஸ்பிட்டிக்கு அரசு பஸ்ஸில்

தாம்பரம் தம்பி · மே 4

இமாச்சல் மலைப் பள்ளத்தாக்கு ஸ்பிட்டி, அதன் முக்கிய ஊர் காசா. அங்கே போகணும். டெல்லி பேக்கேஜ்காரர்கள் ஏழு நாள் டெம்போ டிராவலருக்கு ஆளுக்கு இருபதாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். டெல்லி வரை போய் வருவது நம் கைக்காசு. சென்னையில் கிளம்பி சென்னை திரும்ப பதினைந்தாயிரத்துக்குள் முடியுமா?

என் கணக்கு இது. மணாலியிலிருந்து காசா 200 கிலோமீட்டர், சிம்லாவிலிருந்து 430. அதனால் மணாலி வழியாகவே போய் வரலாம். காசாவில் ஒரே ரூம், தினம் ஒரு கிராமம் போய்விட்டு சாயங்காலம் திரும்புவது. ஜூன் முதல் வாரம் கிளம்புகிறேன். எங்கேயாவது இடிக்கிறதா?

மலைப்பாதை · மே 4

பதினைந்தாயிரம் சரி. மற்ற எல்லாமே இடிக்கிறது.

முதலில் ஜூன் முதல் வாரம். மணாலி வழியில் குன்சும் கணவாய் இருக்கிறது, உயரம் 4,500 மீட்டருக்கு மேல். பனி வெட்டி அந்த ரோட்டைத் திறப்பது சில வருஷம் மே கடைசியில், சில வருஷம் ஜூன் பாதியில். ரோடு திறந்ததும் முதலில் ஜீப் போகும். அரசு பஸ் விடுவது அதற்குப் பிறகு, ரோடு கொஞ்சம் இறுகியதும்தான். ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தபின் மணாலி வழி வருஷம் முழுக்க ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுரங்கம் கொண்டுபோய் விடுவது பக்கத்துப் பள்ளத்தாக்கான லாஹௌலில். குன்சும் அதற்கும் அப்பால், எந்தச் சுரங்கமும் இல்லாமல் திறந்த வெளியில் கிடக்கிறது.

இரண்டாவது உயரம். மணாலி 2,050 மீட்டர். விடிகாலை அங்கே பஸ் ஏறினால் அன்றைக்கே 4,500 தாண்டி, இரவு காசாவில் 3,650இல் படுக்கிறீர்கள். தாம்பரம் கடல் மட்டத்திலிருந்து முப்பது நாற்பது மீட்டர் இருக்குமா? மறுநாள் காலை தலையைத் தூக்க முடியாது. பேக்கேஜில் போகிற பாதிப் பேர் காசாவில் முதல் நாளைப் படுக்கையில் கழிப்பது இதனால்தான்.

சிம்லா வழி நீளம்தான். அந்த நீளம்தான் மருந்து. உள்ளே போவது சிம்லா வழி, வெளியே வருவது மணாலி வழி. குன்சும் திறக்காவிட்டால் வந்த வழியே திரும்பலாம், எதுவும் கெட்டுப்போகாது.

மலைப்பாதை · மே 4, இரவு

மூன்றாவதை விட்டுவிட்டேன், அதுதான் முக்கியம். காசாவில் ரூம் போட்டுத் தினம் ஒரு கிராமம் என்பது டாக்ஸிக்காரர் கணக்கு, பஸ்ஸில் அது நடக்காது. கிராம பஸ்கள் டூரிஸ்டுக்காக ஓடவில்லை. கிராமத்து ஆள் காலையில் காசா வந்து ஆபீஸ், பேங்க், கடை முடித்துச் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும், நேரம் வைத்திருப்பது அதற்கு. ஆக காசாவிலிருந்து கிப்பர் பஸ் கிளம்புவது மாலையில். ராத்திரி கிப்பரிலேயே நின்று காலையில் கீழே இறங்கும். ‘பின்’ என்கிற கிளைப் பள்ளத்தாக்கின் கடைசி ஊர் முத். அதற்கும் அப்படித்தான், பிற்பகல் கிளம்பி இரவு அங்கே தங்கி விடியலில் புறப்பட்டுவிடும்.

காசாவில் படுப்பவனுக்கு எல்லா பஸ்ஸும் எதிர்த் திசையில்தான் ஓடும். உடனே டாக்ஸி. லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்ற மேல் கிராமங்கள் மூன்றும் ஒரு சுற்று என்றால் வண்டிக்கு மூவாயிரம் பக்கம். தனி ஆளாக இப்படி மூன்று நாள் சுற்றினால் பதினைந்தாயிரத்தில் பாதிக்கு மேல் போய்விடும்.

பஸ் எந்த ஊரில் தூங்குகிறதோ அங்கே நீங்களும் தூங்குங்கள். வேறு சூத்திரம் கிடையாது.

ஜன்னல் சீட்டு · மே 5

மேலே சொன்னது சரி, ஒரு சின்னத் திருத்தம். லாங்சா பக்கம் தினசரி பஸ் இல்லை. வாரத்தில் ஓரிரு நாள்தான், கிழமையும் மாறும். காசா பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் முதல் வேலை அந்தக் கிழமையைக் கேட்டு வைப்பது. மற்ற ஊர்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். கிப்பரை எந்த நாளிலும் செருகிக்கொள்ளலாம், லாங்சாவை முடியாது.

தாம்பரம் தம்பி · மே 5

சரி, சிம்லா வழியே போகிறேன். டெல்லியிலிருந்து காசா வரை ஒவ்வொரு கட்டமாகச் சொல்லுங்கள். கல்காவிலிருந்து பொம்மை ரயில் உண்டாமே?

மலைப்பாதை · மே 5

ரயில் அழகு. 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். திரும்பும்போது நேரம் மிச்சமிருந்தால் பாருங்கள்.

கட்டம் 1. சென்னை–டெல்லி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அல்லது ஜி.டி., ஸ்லீப்பர் சுமார் எண்ணூறு ரூபாய். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை–சண்டிகர் ரயில் வாரம் இரண்டு நாள் இருக்கிறது, டெல்லியில் இறங்கி பஸ் ஸ்டாண்ட் தேடும் வேலை மிச்சம். சண்டிகரில் செக்டர் 43 பஸ் நிலையம். சிம்லாவுக்கு நாலு மணி நேரம், கட்டம் 3இல் வரும் ரெக்காங் பியோவுக்கே நேர் பஸ்ஸும் உண்டு.

கட்டம் 2. டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து சிம்லாவுக்கு இமாச்சல் அரசு பஸ், ராத்திரி ஏறினால் காலையில் இறங்கலாம். வால்வோ வேண்டாம், ஆர்டினரி போதும்.

கட்டம் 3. சிம்லா டுட்டிகண்டி பஸ் நிலையத்திலிருந்து ரெக்காங் பியோ. வெறும் பியோ என்றால் போதும், முழுப் பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. 230 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம். ராம்பூர் தாண்டியதும் சட்லெஜ் ஒட்டிய ரோடு. ராத்திரி பஸ் உண்டு என்று சொல்வார்கள். ஏறாதீர்கள், பாறை விழுகிற ரோட்டைப் பகலில்தான் கடக்கணும்.

கட்டம் 4. பியோவிலிருந்து காசா. 200 கிலோமீட்டர், பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம், காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும். பியோவின் பஸ் நிலையம் மெயின் பஜாரில் இல்லை, அதற்கு மேலே ஏறிப் போகணும். இருட்டில் மூட்டையோடு ஏற அரை மணி நேரம் வையுங்கள். கவுன்டரில் ஒரு மணி நேரம் முன்னால் நின்றால் சீட்டு. லேட்டானால் நின்றுகொண்டே போகணும், அந்த ரோட்டில் பத்து மணி நேரம் நிற்பது தண்டனை.

டெல்லி முதல் காசா வரை மூன்று டிக்கெட்டும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள்.

பொடி டப்பா · மே 5

பியோவில் படுக்காதீர்கள். லோக்கல் பஸ் பிடித்து மேலே கல்பாவுக்குப் போங்கள். 2,960 மீட்டர், எதிரே கின்னர் கைலாஷ் சிகரம், ரூம் வாடகையும் பயமுறுத்தாது. இரண்டு இரவு அங்கே இருந்தால் உடம்பு பழக ஆரம்பித்துவிடும். மூன்றாம் நாள் நாக்கோ.

மலைப்பாதை · மே 6

கல்பா சரி. நாக்கோ வேண்டாம். நேற்று நானே அதை எழுத நினைத்தேன், உயரத்தைக் கூட்டிப் பார்த்ததும் விட்டுவிட்டேன். நாக்கோ 3,660. கல்பாவிலிருந்து ஒரே நாளில் 700 மீட்டர் மேலே போய்ப் படுப்பது. 3,000 தாண்டியபின் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பதுதான் மலை ஏறுபவர்கள் வைத்துக்கொள்கிற அளவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, தலை சாய்க்கிற இடம்தான் கணக்கு.

இந்த ரோட்டில் ஒரு வசதி இருக்கிறது. காசா பஸ் நாக்கோவில் ஏறி மறுபடி இறங்கி தாபோ வருகிறது. தாபோ 3,280தான். பஸ்ஸில் நாக்கோவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு தாபோவில் இறங்குங்கள். கி.பி. 996இல் கட்டிய மடம், நம் ராஜராஜன் காலம். உள்ளே மண்சுவர் முழுக்க ஓவியம், படம் எடுக்க விடமாட்டார்கள், டார்ச் கொண்டுபோங்கள். மடத்து விடுதியிலேயே ரூம் கிடைக்கும், டார்மிட்டரி என்றால் சில நூறு ரூபாய். இரண்டு இரவு இருந்தாலும் அலுக்காது.

பிறகு காசா ஒரு இரவு. அங்கிருந்து முத், 3,770. திரும்பக் காசா. அதற்கப்புறம்தான் கிப்பர் (4,270), கீ மடம், கடைசியாக லாங்சா (4,400). காசாவிலிருந்து கிப்பர் 620 மீட்டர், 500ஐத் தாண்டும், அதனால்தான் அதற்கு முன் இத்தனை இரவு. உயரத்தில் இப்படி அடுக்குங்கள், இன்ஸ்டாகிராமில் வருகிற வரிசையில் போகாதீர்கள்.

ஈப்போ அக்கா · மே 9

நான் மலேசியா பாஸ்போர்ட். பெர்மிட் வேணும்னு சொல்றாங்களே, எங்கே எடுக்கணும்?

ஜன்னல் சீட்டு · மே 9

இந்தியக் குடிமக்களுக்கு எதுவும் தேவையில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு, பியோ தாண்டியதிலிருந்து சும்தோ என்ற ஊர் வரையான பகுதிக்கு மட்டும் உள்பகுதி அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) வேணும், திபெத் எல்லை பக்கம் என்பதால். இலங்கை நண்பர்களுக்கும் இதே. பியோவில் அரசு அலுவலகத்தில் கொடுப்பார்கள். பாஸ்போர்ட், விசா நகல்கள், போட்டோ இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். ஞாயிறும் அரசு விடுமுறையும் அங்கே போய்ச் சிக்கினால் ஒரு நாள் காலி, அதனால் வெள்ளிக்கிழமைக்குள் பியோ சேருங்கள். தனியாகப் போனால், இன்னொருவரைக் கூடச் சேர்த்து வரச் சொல்வது வழக்கம். பஜாரில் இருக்கிற டிராவல் ஏஜென்டுகள் அப்படித் தனியாக வந்தவர்களை ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம்.

மணாலி வழியே வந்து அதே வழி திரும்பினால் அனுமதி தேவையில்லை அக்கா. தாபோ, தன்கர் எல்லாம் சும்தோவுக்கு இந்தப் பக்கம்தான், தாராளமாகப் பார்க்கலாம். மணாலி வழியே வந்து சிம்லா பக்கம் இறங்குவதானால் காசாவிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

மலைப்பாதை · மே 9

ஆனால் அப்போது உயரப் பிரச்சினை வரும். மணாலி வழிதான் என்றால் வழியில் லாஹௌல் பக்கம் கேலாங் (3,000 சுற்று) போய் இரண்டு இரவு படுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

தாம்பரம் தம்பி · மே 12

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் இந்த வரிசை எல்லாம் தேவையில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

மலைப்பாதை · மே 12

நண்பர் மெடிக்கல் ரெப்பா?

டயமாக்ஸ் என்பது அசிட்டசோலமைடு. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏற ஆரம்பிப்பதற்கு முதல் நாளிலிருந்து. உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், பழகும் வேலையை ரத்து செய்யாது. சல்ஃபா அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் பேசாமல் தொடவே கூடாது. விரல் நுனி சுரீர் சுரீரென்று ஊசி குத்தும், சிறுநீர் அடிக்கடி வரும். பத்து மணி நேர பஸ்ஸில் அது என்ன பாடு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அன்றைக்கு மேலே போகாதீர்கள், அதே உயரத்தில் இருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, இருமல் நிற்கவில்லை, அல்லது ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார் என்றால் காத்திருக்காமல் இறக்குங்கள், இரவானாலும் சரி.

இறங்குவது எங்கே என்பதுதான் ஸ்பிட்டியின் சிக்கல். காசாவிலிருந்து தாபோ போனாலும் 370 மீட்டர்தான் குறைகிறது. உண்மையான இறக்கம் பியோ, பத்து மணி நேரம் தள்ளி. காசாவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். ஆனால் இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் ஏறும் வேகத்தை முடிவு செய்யணும்.

பொடி டப்பா · மே 13

சாப்பாட்டுச் செலவு யாரும் சொல்லவில்லை. ஹோம்ஸ்டே என்றால் படுக்கை, ராத்திரி சாப்பாடு, காலை டிபன் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு. சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் குறைத்துப் பேசலாம். சாப்பாடு சேர்த்தா, சேர்க்காமலா என்று பையை இறக்கும் முன் கேளுங்கள். பஸ் நிற்கிற தாபாக்களில் ராஜ்மா சாவல், காசாவில் துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ. ஆவியில் வேகவைத்த டிங்மோ ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள், நம் இட்லிக்குத் தூரத்துச் சொந்தம், பள்ளத்தாக்கில் வழி தவறிப் போனது.

சாதம் பற்றி ஒரு எச்சரிக்கை. 4,400 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, பருப்பு பேச்சே இல்லை. சிலர் சின்ன கேஸ் அடுப்பு தூக்கிக்கொண்டு போய் விழிப்பதைப் பார்க்கலாம். கேஸை ரயிலில் கொண்டுபோகவும் கூடாது. பருப்புப் பொடி, நெய், ஊறுகாய் போதும், ஹோம்ஸ்டேயில் சூடான சாதம் கொடுப்பார்கள்.

ஜன்னல் சீட்டு · மே 13

பணம். காசாவில் ஸ்டேட் பேங்க் ஏடிஎம் இருக்கிறது. பணம் தீர்வதும் நெட்வொர்க் போவதும் சகஜம். காசா போய்க் காசு எடுக்கலாம் என்று நம்பாதீர்கள். மொத்தத்தையும் ராம்பூரிலோ பியோவிலோ எடுங்கள், ஐம்பதும் நூறுமாக. சிக்னல் இருந்தால் யுபிஐ நடக்கும், இல்லாவிட்டால் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுக்க கிராமத்தில் ஆள் கிடையாது.

போன். லடாக்கில் நம் ஊர் பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். இமாச்சலில் வேலை செய்யும். ஜியோ, ஏர்டெல் காசாவில் கிடைக்கும், மேல் கிராமங்களில் வந்தால் வரும். மணாலி ரோட்டில் பாத்தலிலிருந்து லோசர் வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள், வீட்டில் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

தாம்பரம் தம்பி · மே 20

லாங்சா பஸ் கிழமை ஒத்துவராவிட்டால்?

மலைப்பாதை · மே 20

மூன்று வழி. ஒன்று, காசா டாக்ஸி யூனியனில் காலையில் நின்று ஆள் சேருங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஆளுக்கு எழுநூற்றைம்பதுதான். போகும்போது மட்டும் உட்கார்ந்து லாங்சாவில் இறங்கிக்கொள்கிறேன் என்று முன்பே சொல்லி விலை பேசுங்கள். இரண்டு, கைகாட்டி ஏறுவது. அங்கே அது வழக்கம்தான், இறங்கும்போது பஸ் சார்ஜ் அளவு நீட்டுங்கள். மூன்று, கோமிக் வரை வண்டியில் போய்விட்டு நடந்து இறங்குவது. கோமிக் 4,587, ஹிக்கிம் அதற்குக் கீழே, பிறகு லாங்சா. கோமிக்கிலிருந்து ஹிக்கிம் மூன்று நான்கு கிலோமீட்டர், அங்கிருந்து லாங்சா ஆறேழு. லாங்சாவில் தூங்கி, மறுநாள் ஒற்றையடிப் பாதையில் காசாவுக்கு இறங்கலாம், 750 மீட்டர் இறக்கம். முட்டி பலவீனமானவர்கள் ரோட்டோடு போகட்டும்.

மேலே ஏறி நடக்கத் திட்டம் போடாதீர்கள். அந்த உயரத்தில் நூறு மீட்டர் ஏற்றம் பத்து நிமிஷம் உட்கார வைத்துவிடும்.

கிப்பர் எளிது. மாலை பஸ்ஸில் போய்த் தூங்கி, மறுநாள் சிச்சம் பாலம் வரை நடந்து போகலாம். 2017இல் பாலம் திறக்கும் வரை அந்தப் பிளவை ஜனங்கள் கம்பியில் தொங்கும் தொட்டியில் கடந்தார்கள். அடுத்த நாள் கீ மடத்துக்கு நடந்தே இறக்கம். மடத்தில் தங்க இடம் உண்டு, அங்கே விடியற்காலை பூசையில் உட்கார்ந்தால் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் ஊற்றுவார்கள். டீ என்று நினைத்துக் குடித்தால் முகம் சுளிக்கும், சூப் என்று நினைத்துக் குடியுங்கள்.

பொடி டப்பா · மே 21

லாங்சாவில் குழந்தைகள் நத்தை அச்சுள்ள கல்லை நீட்டி விலை சொல்லும். அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் டெதிஸ் கடலடி, அந்தக் கல் அம்மோனைட். வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும் வரை மலையைத் தோண்டுவார்கள்.

கழிவறை: மேல் கிராமங்களில் தண்ணீர் இல்லாத கழிவறை. மாடியில் ஓட்டை, பக்கத்தில் மண்குவியல், மண்வெட்டி. முடித்ததும் மண் தள்ளணும், தண்ணீர் ஊற்றக் கூடாது. அது வயலுக்கு உரமாகப் போகிறது, நீங்கள் வாளி வாளியாக ஊற்றினால் வீட்டுக்காரர் வருஷத்து உரம் நாறிவிடும். தண்ணீர் இல்லாமல் ஆகாது என்றால் பேப்பர் உபயோகித்துவிட்டு ரூமில் வந்து கழுவிக்கொள்ளுங்கள்.

ஈப்போ அக்கா · ஜூன் 2

ஆகஸ்ட்ல லீவு. மழை எப்படி?

மலைப்பாதை · ஜூன் 2

ஸ்பிட்டி மழை மறைவுப் பிரதேசம், உள்ளே பெரிதாக நனையமாட்டீர்கள். வாசல்தான் பிரச்சினை. பியோ இருக்கிற கின்னௌர் மாவட்டத்தில் ரோட்டுக்கு மேல் மலை நிற்பதே சும்மா ஒப்புக்கு. 2021 ஆகஸ்ட் 11இல் நிகுல்சாரியில் மலை சரிந்து அரசு பஸ் உட்பட வண்டிகள் புதைந்தன, 28 பேர் இறந்தார்கள். நாக்கோ பக்கம் மல்லிங் என்ற இடமும் பெயர் பெற்ற சரிவு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் வேண்டாம். செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை வானம் சுத்தம், பள்ளத்தாக்கு மஞ்சள், கின்னௌரில் ஆப்பிள். லீவை மாற்ற முடியாதென்றால் கையில் மூன்று நாள் உபரி வைத்துக்கொண்டு, ரிட்டர்ன் விமான டிக்கெட்டைப் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி எடுங்கள்.

மணாலி வழித் திரும்பும்போது சத்ரு–பாத்தல் நடுவில் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். காலையில் கணுக்கால் அளவு, மதியத்துக்கு மேல் பனி உருகி முழங்கால் அளவு. காசாவிலிருந்து மணாலி பஸ் விடியும் முன் கிளம்புவது டிரைவருக்குத் தூக்கம் வராததால் அல்ல.

ஜன்னல் சீட்டு · ஜூன் 3

சந்திரதால் ஏரி யாரும் கேட்கவில்லையே. பஸ் ஏரிக்குப் போகாது, குன்சுமுக்குக் கீழே பிரியும் இடத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. ஏரிக்கரையில் கூடாரம் போடத் தடை, கூடாரங்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. சாப்பாட்டோடு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே கிடைப்பது அரிது. மறுநாள் பஸ்ஸைப் பிடிக்கத் திரும்ப அதே நடை. சிக்கன யாத்திரையில் நான் இதை வெட்டிவிடுவேன்.

மலைப்பாதை · ஜூன் 3

நானும். 4,250 மீட்டரில் கூடாரத்தில் படுப்பது ஸ்பிட்டியில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாது, மணாலியிலிருந்து முதல் இரவே அங்கே போகிறவர்களைத்தான் கீழே தூக்கிக்கொண்டு வருவார்கள்.

தாம்பரம் தம்பி · ஜூன் 3

மொத்தக் கணக்கு: ரயில் போகவர 1,600, டெல்லி–காசா பஸ் 2,000, காசா–மணாலி–டெல்லி 1,600, உள்ளூர் பஸ்ஸும் ஒரு ஷேர் டாக்ஸியும் 1,200. பத்து இரவு தங்கலும் சாப்பாடும் சராசரி 850 வைத்து 8,500. ஆக 14,900. நூறு ரூபாய் மிச்சம்!

பொடி டப்பா · ஜூன் 3

அந்த நூறில் ஹிக்கிம் தபால் ஆபீஸிலிருந்து எல்லாருக்கும் கார்டு போடுங்கள். அங்கே விற்கிற படக் கார்டை வாங்காமல் தாம்பரம் தபால் நிலையத்திலேயே ஐம்பது பைசா கார்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

மலைப்பாதை · ஜூன் 4

850 சராசரி வர டார்மிட்டரி நாலு இரவாவது வேணும், தாபோவில் இரண்டு, கீயில் ஒன்று, காசாவில் ஒன்று. கூடவே ரோடு மூடினால் இரண்டு நாள் உட்காரும் செலவு 2,000 தனியாக வையுங்கள், பர்ஸில் வேண்டாம், ஷூவுக்குள்.

கடைசியாக ஹிந்தி. பஸ் ஸ்டாண்டில் ‘கல்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். நேற்றுக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். "லாங்சா பஸ் கல்" என்று ஒருவர் சொன்னால் நேற்றே போய்விட்டதா நாளைக்குப் போகுமா என்று தெரியாமல் மூட்டையோடு நிற்பீர்கள். கிழமையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மங்கள்வார், சனிவார்.

தாம்பரம் தம்பி · ஜூன் 4

புதன்?

ஜன்னல் சீட்டு · ஜூன் 4

புத்வார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், அங்கே புதன் கிடைக்கும், பஸ்தான் சந்தேகம்.